உப்பளக் கரையில் ஒரு கொட்டகைக் கூரை

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் ஐப்பசி பிறந்து வடகிழக்கு வானம் கறுக்கத் தொடங்கியதும், உப்பளத்தில் பாடுபடுகிறவர்கள் அந்த வருஷத்து வாரலை முடித்துக்கொண்டு, கரையில் குவித்த உப்பை ஓலையாலும் தார்ப்பாயாலும் மூடி, இனித் தை பிறக்கும்வரை வேலையில்லை என்று வீடு திரும்புகிறார்கள். அதே வாரத்தில், வீட்டுப் பின்புறத்தில் நாலு கத்தரிச் செடியும் ஒரு பாகல் பந்தலும் வைத்திருக்கிற குடும்பத்தில் யாராவது ஒருவர் ஆட்டுக் கொட்டகையின் இறவாரத்தடியில் ஒரு அண்டாவையோ நீலநிற டிரம்மையோ இழுத்து வைக்கிறார். உப்புக்குச் சத்துருவான மழை செடிக்கு மித்திரனாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த டிரம்மில் சேருகிற ஜலம் எதற்குப் பிரயோஜனப்படும், எதற்குப் பிரயோஜனப்படாது என்ற கணக்கு, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே உப்பளங்களும் கழுவெளி என்னும் ஏரியும் சூழ்ந்த இந்தக் குறுகிய மணற்பட்டியில், உள்நாட்டு ஊர்களில் உள்ளதைவிட முற்றிலும் வேறானது. அதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

முதலில் உப்பளத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதைப் பாத்தியில் தேக்கி வைத்தால் சூரியன் தண்ணீரை மட்டும் கொண்டுபோகிறான், உப்பைத் தொடுவதில்லை. நீர் வற்ற வற்ற அடர்த்தி ஏறி, போமே மானியில் ஏறத்தாழ 25 டிகிரி காட்டும்போது சோடியம் குளோரைடு படிகமாக விழத் தொடங்குகிறது. இதற்கு நெருப்பு வேண்டாம், இயந்திரம் வேண்டாம். வெயிலும் காற்றும் மழையில்லாத நாட்களும் போதும்.

இதே வெயிலும் இதே காற்றும் தோட்டத்துப் பாத்தியின் மேலும் வேலை செய்கின்றன என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். இக்கரையில் உவர்ப்புத் தட்டிய ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாக்குக்குக் கரிப்பாகவும், சோறு வைக்க உதவாததாகவும், செடிக்கு ஊற்றலாமே என்று தோன்றக்கூடியதாகவும் இருக்கும் நீர் அது. பத்துச் சதுரமீட்டர் காய்கறிப் பாத்திக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 லிட்டர் தேவைப்படுகிறது. அந்த 50 லிட்டரோடு 125 கிராம் உப்பும் மண்ணுக்குப் போகிறது. செடி நீரைக் குடிக்கிறது, வெயில் நீரைக் குடிக்கிறது, உப்பை இரண்டும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகின்றன. 90 நாளில் அந்தச் சிறு பாத்தியில் 11 கிலோவுக்கு மேல் உப்புச் சேர்ந்திருக்கும். சித்திரையில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுவே. உவர்நீரால் தோட்டம் போடுகிறவர், தாம் அறியாமலே ஒரு சின்ன உப்பளத்தை நடத்துகிறார்.

உப்பு செடியை எப்படி வாட்டுகிறது என்பதற்குச் சாஸ்திரம் சொல்லும் காரணம் எளிமையானது. வேரின் மெல்லிய சவ்வுக்குள் இருக்கும் சாறு வெளியிலுள்ள மண்நீரைவிடச் செறிவாக இருக்கும்வரையில்தான் நீர் உள்ளே புகும். மண்நீரின் செறிவு கூடக்கூட, கண்ணெதிரே ஈரம் இருந்தும் அதை இழுத்துக்கொள்ளச் செடி அதிக சிரமப்பட வேண்டியிருக்கிறது. இதனால்தான் உவர்நிலத்துச் செடி காலையில் தண்ணீர் விட்டும் உச்சிவேளையில் துவண்டு நிற்கிறது. பார்க்கிறவர் தாகம் என்று எண்ணி மேலும் உவர்நீரையே ஊற்றுகிறார். கலிபோர்னியாவில் ரிவர்சைடு நகரத்திலுள்ள அமெரிக்க உவர்நில ஆய்வகத்தைச் சேர்ந்த மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977இல் ஒவ்வொரு பயிரும் எந்த அளவு உப்புவரை விளைச்சல் குறையாமல் தாங்கும் என்று அட்டவணையிட்டார்கள். மண்சாற்றின் மின்கடத்து திறனை மீட்டருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்ற அலகால் அளந்தால், பீன்ஸுக்கு எல்லை 1, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5. பின்னால் நடந்த பரிசோதனைகளில் நம் கொத்தவரை 8.8வரை தாக்குப்பிடித்தது, ஏழைகளின் காய் என்று அலட்சியப்படுத்தப்பட்ட அதற்கு இப்படியொரு கௌரவம் கிடைத்ததில் எனக்கு அந்தரங்கமான திருப்தி உண்டு. ஒரு டெசிசீமென்ஸ் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு. நாம் மேலே எடுத்துக்கொண்ட கிணற்று நீர் கிட்டத்தட்ட 4 டெசிசீமென்ஸ். மண்ணில் இறங்கி வற்றத் தொடங்கியபின் அதற்கும் மேல். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: வளர்ந்த செடி தாங்குகிற உப்பைப் பல பயிர்களில் முளையும் நாற்றும் தாங்குவதில்லை.

இனி நன்னீர் எங்கே இருக்கிறது என்று கேட்போம். இந்த மணலின் அடியிலேயே இருக்கிறது. கடற்கரை மேடுகளில் பெய்த மழை மணல் வழியே கீழிறங்கி, ஏற்கெனவே அடியில் ஊறிக் கிடக்கும் கடல்நீரோடு கலந்துவிடாமல், அதைவிட இலேசானதால் அதன்மேல் மிதக்கிறது. நெதர்லாந்தின் ராணுவப் பொறியாளர் பாடோன் கைபென் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க் 1901லும் தனித்தனியே இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு மிகுதி, ஆதலால் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் மட்டத்துக்குக் கீழே நாற்பதடி ஆழம்வரை நன்னீர் வில்லைபோல் தங்கியிருக்கும். கேட்கச் சந்தோஷமான கணக்கு இது. திருப்பிப் படித்தால் பயமூட்டுவது. மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் நாற்பதடி மேலேறும். குப்பத்துப் பெண்கள் மணலில் இரண்டு மூன்று முழம் மட்டும் தோண்டி, ஊறுவதைக் கொட்டாங்கச்சியால் மொண்டெடுத்த பழைய ஊற்றுமுறை இந்த இரு பொறியாளர்களையும் அறியாமலே அவர்களுடைய விதிக்குக் கட்டுப்பட்டிருந்தது.

மழைநீரோ கடலிலிருந்து வந்தும் உப்பில்லாதது. ஆவியாகும்போது உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறது. மேகத்தில் திரும்பத் துளியாவதற்கு மட்டும் ஒரு பற்றுக்கோடு வேண்டியிருக்கிறது. அலை நுரைத்து உடையும்போது காற்றில் தெறித்து மிதக்கும் நுண்ணிய உப்புத் துகள்கள் கடலோரத்தில் அந்தப் பற்றுக்கோடுகளில் ஒன்று. எனவே கடற்கரை மழையில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் முதல் சில பத்து மில்லிகிராம்வரை உப்பு இருக்கலாம். கிணற்றின் 2,500 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்வதால் மழைநீர் சற்றே புளிப்புத்தன்மை உடையது. அதன் அமில அளவெண் 5.6 அளவில் நிற்கும். கிளிஞ்சல் பொடி கலந்த கடற்கரை மணல் சுண்ணாம்புத்தன்மை கொண்டதாகையால், அதில் வளரும் செடிகள் மண்ணிலுள்ள இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள இயலாமல் இளம் இலையில் மஞ்சளிப்பது உண்டு. சிறிது அமிலமான நீர் அவற்றுக்கு இதமாகவே இருக்கும். மழை பெய்த மறுநாள் தோட்டம் தனிப் பச்சையாகத் தெரிவதற்கு இடிமின்னலால் காற்றிலிருந்து சேரும் நைட்ரஜன்தான் காரணம் என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் அளவு சொற்பம். இலைமேல் படிந்த உப்பும் புழுதியும் கழுவப்படுவதும், வேரடியிலிருந்த உப்பு கீழே தள்ளப்படுவதுமே இக்கரையில் பெரிய காரணங்கள் என்பது என் அபிப்பிராயம்.

கூரைக்கு வருவோம். வீட்டு மாடியைவிடத் தோட்டத்துக் கொட்டகைகளைப் பற்றி நான் அதிகம் பேசுவதற்குக் காரணம், அவை செடிகளின் பக்கத்திலேயே நிற்கின்றன, அங்கே சேரும் நீரைக் குடம் சுமந்து கொண்டுபோக வேண்டியதில்லை என்பதுதான். ஆட்டுக் கொட்டகை, விறகுக் கொட்டகை, வலை வைக்கும் தகரச் சாய்ப்பு, குளியலறைத் தட்டி எதுவானாலும் சரி. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுரமீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். கூரை எவ்வளவு சரிவானாலும் மேலிருந்து பார்க்கையில் அது தரையில் மறைக்கும் பரப்பே கணக்கு. நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலமுள்ள தகரச் சாய்ப்புக்கு 12 சதுரமீட்டர். தெறிப்பதும் ஆவியாவதும் போகத் தகரத்திலிருந்து ஐந்தில் நாலு பங்கு கைக்கு வரும். தென்னங்கீற்றில் அப்படியில்லை, காய்ந்த கீற்று முதல் மழையைத் தானே உறிஞ்சிக்கொண்டு, பிறகு தேநீர் நிறத்தில் கொஞ்சமாகச் சொட்டும். செடிக்கு அந்த நிறத்தால் தோஷமில்லை, ஆனால் குப்பை மிகுதி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரையானால் அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவும் அறுக்கவும் கூடாது. அதன் நார் மூச்சில் போவது ஆபத்து. காய்கறிப் பந்தல் தானாக நீரைப் பிடிக்காது. ஆனால் மழை நாளில் அதன் நான்கு கால்களிலும் ஒரு பழைய வேட்டியையோ தார்ப்பாயையோ தொட்டில்போல் கட்டி, நடுவில் கழுவிய கூழாங்கல் ஒன்றைப் போட்டு, கீழே பானை வைத்தால், துணி தொய்ந்த இடத்தில் நீர் இழையாக இறங்கும். தென்னாட்டின் கிராமங்களில் குடிநீருக்கே கையாளப்பட்ட உபாயம் அது. மழையை அளக்க வேண்டுமென்ற எண்ணமும் புதிதல்ல. களஞ்சியத்தின் முன்னே ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கும்படி அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. தோட்டக்காரருக்கு நேரான சுவருள்ள ஒரு டப்பாவும் பள்ளிப் பிள்ளையின் அளவுகோலும் போதும்.

விழுப்புரம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அந்த மூன்று மாதத்தில் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நம் சாய்ப்பிலிருந்து 5,760 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம்மில் ஏறக்குறைய 29. வைத்திருப்பது ஒரு டிரம். அது இரண்டு சென்டிமீட்டர் மழையிலேயே நிரம்பிவிடும். 2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது இதே மாவட்டத்து மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு இந்தச் சாய்ப்பு அந்த டிரம்மை இருபது தடவைக்கு மேல் நிரப்பியிருக்கும். ஆனால் ஐப்பசி முதல் மார்கழிவரை செடிக்குத் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. மழை மிகும் காலத்தில் பாத்திரம் சிறிது. பாத்திரம் காலியாகும் காலத்தில் மழை இல்லை. இந்த முரணை மறைத்துவிட்டு மழைநீர்ச் சேகரிப்பைப் புகழ்கிறவர்கள் தோட்டக்காரருக்கு உபகாரம் செய்வதில்லை. 1,000 லிட்டர் தொட்டி கட்டினாலும், பத்துச் சதுரமீட்டர் பாத்திக்கு நாளுக்கு 50 லிட்டர் வீதம் அது இருபது நாளில் தீர்ந்துபோகும்.

ஆகவே கூரை நீரை முழுப் பாசனமாக எண்ணாமல், உப்பைத் தாங்காத பருவத்துக்கென்று ஒதுக்கிய நீராக எண்ணவேண்டும். தை மாதத்தில் இக்கரையின் மண், மூன்று மாத மழை அலசிவிட்டபடியால், வருஷத்திலேயே உப்புக் குறைந்த நிலையில் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமியில் கடல்நீர் ஏறிய நிலங்களைத் தேற்றியதிலும் பின்வந்த மழைகளின் அலசலுக்கே பெரும்பங்கு உண்டு. அந்தச் சமயத்தில் விதைபோட்டு, நாற்பது நாற்றுகளுக்கு நாளுக்கு அரை லிட்டர் வீதம் 20 லிட்டர் மழைநீரை வார்த்தால், அதே 1,000 லிட்டர் ஐம்பது நாளுக்கு, தை பிறந்ததிலிருந்து மாசி பாதிக்கு மேல்வரை வரும். பின்பு செடி வேரூன்றியதும் கிணற்று நீரில் சரிபாதி மழைநீர் கலந்தால் 4 டெசிசீமென்ஸ் 2 ஆகிறது. மழைநீர் தீர்ந்தபின் கிணற்று நீரையே விடுவதானால், தினம் தெளிப்பதை விட்டு, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நிறைய விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ளி, மேலே சவுக்குச் சருகோ தென்னம்பஞ்சோ பரப்பி ஆவியாவதைத் தடுக்கவேண்டும்.

சேமித்த நீர் குறைவாயிருக்கும்போது அதை வார்க்கும் வழிகளில் மிகப் பழையது, சூளையில் சுட்ட மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடிவிட்டு, சுற்றிலும் விதைப்பது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான் ஷெங்ஜ் என்ற சீனரின் வேளாண் நூலில் இது சொல்லப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் கர்னாலிலுள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம் 1970களில் இதைப் பரிசோதித்தது. சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானை அதிகம் கசியும், ஈரமாயிருந்தால் குறைவாகக் கசியும். நீர் உள்ளிருந்து வெளியே நகர்கையில் உப்பையும் வேர்களுக்கு அப்பால் ஓரத்துக்கு ஒதுக்குகிறது. பாகலும் புடலையும் இதற்கு மிகப் பொருத்தம்.

கூரைநீரைப் பிடிப்பதில் கடற்கரைக்கே உரிய ஒரு விசேஷம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று கடல் பக்கமிருந்து வீசுவதால், அலை தெறித்த உப்பு கூரைமேல் படிகிறது. கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் அந்தப் படிவு அதிகம், உள்ளே போகப் போக விரைவில் குறையும். மழையில்லாத சில வாரங்களுக்குப்பின் கடலோரத் தகரத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தால் தெரியும். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கு அதை உணர்ந்துவிடும் என்பதால், அந்த உறுப்பை ஒரு மலிவான கருவியாகக் கொள்ளலாம். முதல் இரண்டு மில்லிமீட்டர் மழையை, நம் சாய்ப்பில் 24 லிட்டரை, டிரம்முக்குள் விடாமல் தள்ளிவிட வேண்டும். இதற்கு ஆளை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குழாயொன்றை நெடுக்காக அறுத்து இறவாரத்தில் கட்டி, அதிலிருந்து இறங்கும் வழியில், டிரம்முக்குத் திரும்பும் கிளைக்கு முன்னால், மூன்று மீட்டர் நீளமும் நாலங்குல வாயுமுள்ள குழாயொன்றைத் தொங்கவிட்டு அடியை மூடியால் அடைத்துவிடவேண்டும். சாய்ப்பு தாழ்வானால் இரண்டு துண்டாக. முதலில் வரும் 24 லிட்டரும் பறவை எச்சமும் உப்பும் புழுதியுமாக அந்தக் குழாயில் நிரம்பும்; அது நிரம்பியபின் வருவது கிளைவழியே டிரம்முக்குத் திரும்பும். மூடியில் ஆணியால் போட்ட சிறு துளை மறுநாளைக்குள் குழாயைச் சொட்டுச் சொட்டாகக் காலிசெய்து, அடுத்த மழைக்குத் தயாராக்கிவிடும். அந்தத் துளை அடைபட்டால் முறை முழுதும் வீண். வாரமொருமுறை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும்.

டிரம்மின் வாயைக் கட்டாமல் விடுவது அறியாமை மட்டுமல்ல, அக்கம்பக்கத்துக்குச் செய்யும் அநியாயமும்கூட. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான் தேடி முட்டையிடுகிறது. ஏழெட்டு நாளில் அது பறந்து வெளிவரும். மீன்வலைக் கண் கொசுவுக்குப் பெருவழி. அது சருகைத் தடுக்கத்தான் உதவும். கொசுவலைத் துணியையே இரண்டு மடிப்பாகக் கட்டவேண்டும்.

பெரிய தொட்டி வேண்டுவோருக்குக் கம்பிவலைமேல் சிமெண்டுக் கலவை பூசிச் செய்யும் மெல்லிய சுவர்த்தொட்டி மலிவானது. தெற்கே 1968இல் நிறுவப்பட்ட ஆரோவில்லில் இந்த முறை பல காலமாக வழக்கத்தில் உள்ளது. அதன் வம்சாவளி வேடிக்கையானது. ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், செடித்தொட்டிகள் உடைந்துகொண்டே இருப்பதைச் சகியாமல், சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வைத்துத் தொட்டி செய்து 1867இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இன்று பாலங்களையும் அடுக்குமாடிகளையும் தாங்கும் கம்பிக்கட்டுக் கான்கிரீட்டின் மூதாதைகளில் ஒன்று தோட்டத்தில் பிறந்தது. ஆனால் கடற்கரையில் உப்பு கம்பியைத் தின்றுவிடும். கலவையைக் கடல் மணலால் குழைக்கவே கூடாது, கடல்நீரால் ஆற்றவும் கூடாது.

தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷம் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அரசு முக்கியமாகக் கருதியது தொட்டியில் தேக்குவதையல்ல, நிலத்துக்குள் இறக்குவதை. அதற்கு முன்பே, பௌதிகம் கற்ற சேகர் ராகவன் சென்னை பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று, கடலோர மணலுக்குள் மழையை விடாவிட்டால் கிணறு உப்பாகும் என்று சொல்லிவந்தார். அவருடைய முயற்சியால் 2002இல் மந்தைவெளியில் மழை இல்லம் திறக்கப்பட்டது. எக்கியார்குப்பத்து மணலுக்கும் இதே நியாயம் பொருந்தும். நம் டிரம்மில் நிரம்பி வழியும் நீரை வாசலில் ஓடவிடாமல், கிணற்றுக்கோ ஊற்றுக்கோ அருகில், கொட்டகை அடித்தளத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு குழியில் இறக்கினால், அது அடியிலுள்ள நன்னீர் வில்லையைத் தடிப்பாக்கும். 29 டிரம்மில் 28 அங்கேதான் போகப்போகின்றன. அவற்றை வைக்க மணலைவிடப் பெரிய தொட்டி யாராலும் கட்டமுடியாது. நீர் இறக்கும் அந்தக் குழியைக் கக்கூஸ் குழியிலிருந்து தள்ளியே வெட்டவேண்டும்.

டிரம்மின் அளவைத் தீர்மானிக்கும்போது ஐப்பசியைப் பார்க்காமல் ஆவணி, புரட்டாசியைப் பார்ப்பது நலம். அம்மாதங்களில் மாலை வேளைகளில் இடியோடு வரும் மழை, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு சென்டிமீட்டரோ மூன்றோ பெய்துவிட்டுப் போகும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையிலான அந்த நாட்களுக்குப் போதுமான பாத்திரம் பலமுறை நிரம்பிப் பலமுறை காலியாகிறது. சின்ன டிரம் அப்போதுதான் தன் விலைக்கு உழைக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் டிரம்மைக் காலியாக வைத்து அதிகம் பிடிக்கலாமென்று ஆசைப்படக்கூடாது. நிரம்பிய டிரம் 200 கிலோ, இருந்த இடத்தில் இருக்கும். காலி டிரம் காற்றோடு போய் அடுத்த வீட்டு ஓட்டை உடைக்கும்.

வைகாசிக்குள் நீர் தீர்ந்துபோனால், அந்தச் சமயத்தில் பீன்ஸையும் மிளகாயையும் காப்பாற்ற முயல்வதைவிட, பாத்தியைக் கொத்தவரைக்கு விட்டுவிடலாம். வேலியோரத்து முருங்கையும் பூவரசும் தென்னையும் கிணற்று நீரோடு ஆடிவரை தாக்குப்பிடிக்கும்.